'நோ தீர்ந்தது' என்று எழுதுவதற்கு முன்: ஆறுதல், தணிவு, திருப்தி ஆகியவற்றுக்கு உரிய ஆங்கிலச் சொல்லைத் தெரிந்தெடுக்கும் வழி

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஆங்கிலக் கடிதம் ஒன்று எழுதவேண்டிய தேவை வராத வீடு இன்று அரிது. தொண்டு நிறுவனம் ஒன்றிடம் உதவி கேட்பதற்கு, வெளிநாட்டிலுள்ள சகோதரர் தன் சட்டத்தரணியிடம் கொடுப்பதற்கு, வேலைக்கு விண்ணப்பிப்பதற்கு என்று ஏதாவது ஒரு வழியில் அந்தத் தேவை வந்து நிற்கும். எனக்கு அது அம்மாவின் காலால் வந்தது. அவருடைய இடது முழங்காலுக்குக் கீழே 2009ஆம் ஆண்டிலிருந்து எறிகணை (செல்) துண்டுகள் இரண்டு இருக்கின்றன. பகலில் நடமாடுவார், பொழுது சாய்ந்ததும் நோ தொடங்கும், மாத்திரை போட்டால் மூன்று நான்கு மணித்தியாலம் அடங்கியிருந்து மறுபடி வரும். இதை விளக்கி, தொடர் சிகிச்சைச் செலவுக்கு உதவுமாறு வெளிநாட்டுத் தொண்டு அமைப்பு ஒன்றுக்கு நானே ஆங்கிலத்தில் எழுதினேன். "மாத்திரை போட்டால் நோ தீரும்" என்று வீட்டில் சொல்வதை மனத்தில் வைத்து, 'தீர்' என்பதற்கு அகராதியில் முதலில் கிடைத்த 'கியூர்' என்ற சொல்லைப் போட்டுவிட்டேன். நோய் ஏற்கெனவே குணமாகிவிட்டபடியால் விண்ணப்பத்தை ஏற்க இயலவில்லை என்று அவர்கள் மரியாதையாகப் பதில் எழுதினார்கள். நான் எழுதியதை அவர்கள் சரியாகத்தான் வாசித்திருந்தார்கள். பிழையைத் திருத்தி, வைத்தியரின் கடிதத்தையும் இணைத்து, விண்ணப்பத்தை மறுபடி எடுத்துப் பார்க்கச் செய்வதற்கு 11 வாரங்கள் போயின.

அந்த வாரங்களில் ஒரு கொப்பியில் எழுதிச் சேர்த்தவற்றையே இங்கே படிமுறையாகத் தருகிறேன். பாடசாலை ஆங்கிலம் ஓரளவு தெரிந்து, சொல் தெரிவில் மட்டும் தடுமாறுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. தொடங்கும் முன் சேர்க்க வேண்டியவை, செலவு, காலம்

முதலில் வீட்டிலுள்ள ஆங்கிலத் தாள்களை ஓரிடத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். கிளினிக் கொப்பி, வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பும்போது தரும் நோய் நிர்ணய அட்டை, மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் விளக்கத் தாள், பாடசாலை அறிக்கை, வேலை விலகியபோது கிடைத்த கடிதம், வீட்டுத்திட்டம் அல்லது வாழ்வாதார உதவி தந்த நிறுவனத்தின் பழைய படிவம் ஆகியவை போதும். நீங்கள் தேடும் சொற்களில் பாதி இவற்றிலேயே, சரியான இடத்தில், சரியாக இருக்கின்றன. அவற்றை முழு வசனமாகக் கொப்பியில் எழுதி, எந்தத் தாளிலிருந்து எடுத்தீர்கள் என்பதையும் பக்கத்தில் குறியுங்கள்.

அகராதிக்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை. ஒக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ், லோங்மன் ஆகிய மூன்றின் கற்போர் அகராதிகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கற்போர் அகராதி என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அதில் ஒவ்வொரு சொல்லுக்கும் எடுத்துக்காட்டு வசனம் இருக்கும். அந்தச் சொல்லோடு சேர்ந்து வரும் சொற்களும் இருக்கும். ஒத்தசொல் பட்டியல் மட்டும் தரும் தளத்துக்கு முதலில் போகாதீர்கள். அங்கே 'ரிலீவ்' என்று தேடினால் இருபது முப்பது சொற்கள் ஒரே வரிசையில் நிற்கும். எது எங்கே பொருந்தும் என்று எதுவும் சொல்லாது. மெரியம் வெப்ஸ்டர் அகராதியில் சில சொற்களின் கீழ், நெருங்கிய சொற்களுக்கிடையிலான வேறுபாட்டை விளக்கும் சிறு பகுதி உண்டு. அது மிகவும் பயனுள்ளது. ஆனால் இரண்டாம் கட்டத்தில்தான்.

ஆகும் செலவு ஒரு சீ.ஆர். கொப்பியும் கைத்தொலைபேசி டேட்டாவுமே. காலத்தைப் பொறுத்தவரை, நாளுக்கு அரை மணித்தியாலம், வாரத்துக்கு ஐந்து சொல் என்று போனால் ஆறு வாரங்களில் 30 சொற்கள் கைக்கு வரும். இந்தப் பொருளுக்கு 30 போதும். அதற்கு மேல் போனால் குழப்பந்தான் கூடும்.

2. தமிழ்ச் சொல்லை முதலில் பிரியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள், ஏனென்றால் பிழைகள் பிறக்கும் இடம் ஆங்கிலம் அன்று, எங்கள் மனத்திலிருக்கும் தமிழ்ச் சொல்தான். 'ஆறு' என்ற ஒரு வினையை எடுத்துப் பாருங்கள். அடுப்பிலிருந்து இறக்கிய பிளேன்ரீ ஆறும். காலில் பட்ட புண் ஆறும். அப்பாவின் கோபம் ஆறும். பறிகொடுத்தவளின் மனம் ஆறும். பசி ஆறும். வயலால் வந்தவர் மரநிழலில் களை ஆறுவார். எங்களுக்கு இந்த ஆறும் ஒரே அசைவுதான்: சூடாக, கொதிப்பாக, வருத்தமாக இருந்த ஒன்று மெல்ல இறங்கி அமைகிறது. ஆங்கிலத்தில் இவை ஆறு தனித்தனிச் சொற்கள். தேநீருக்குக் 'கூல்', புண்ணுக்கு 'ஹீல்', கோபத்துக்குக் 'காம்', துயருக்குக் 'கம்ஃபர்ட்', பசிக்குச் 'சற்றிஸ்ஃபை', களைப்புக்கு 'ரெஸ்ட்'. ஒன்றின் இடத்தில் இன்னொன்று நில்லாது.

'தீர்' என்பதும் அப்படியே. நோய் தீர்ந்தால் 'கியூர்', தாகம் தீர்ந்தால் 'குவென்ச்', சந்தேகம் தீர்ந்தால் 'கிளியர்', கடன் தீர்ந்தால் 'பே ஓஃப்'. இவற்றுக்கு நடுவே 'தணி' என்ற சொல் நிற்கிறது. தணிந்தது இன்னும் முற்றாகப் போகவில்லை, மீதி இருக்கிறது என்ற குறிப்பு அதில் உண்டு. என் கடிதத்தில் நான் 'தீர்' என்று நினைத்த இடத்தில் 'தணி' என்று நினைத்திருந்தால் சரியான ஆங்கிலச் சொல் தானாக வந்திருக்கும்.

எனவே ஆங்கிலச் சொல்லைத் தேடும் முன் மூன்று கேள்விகளுக்குத் தமிழிலேயே விடை எழுதுங்கள். தணிவது எது: உடல் நோவா, மனத் துயரா, பயமா, கோபமா, பசி தாகமா, ஒரு நிபந்தனையா? எவ்வளவு தணிகிறது: முற்றாகவா, கொஞ்சமாகவா, சிறிது நேரத்துக்கு மட்டுமா? தணிவோடு காரணமும் போகிறதா, காரணம் அப்படியே இருக்கிறதா? மூன்றாவது கேள்விக்கு விடை எழுதாமல் மருத்துவக் கடிதம் எதையும் அனுப்பாதீர்கள்.

3. உடல் நோவும் சுமையும்

அம்மாவின் ஒரு மாலையை வைத்தே இந்தச் சொற்களைப் பிரித்துக்கொண்டேன். விளக்கு வைக்கும் நேரத்தில் அவர் திண்ணையில் காலை நீட்டி இருப்பார். நான் பழைய பருத்திச் சீலைத் துண்டைச் சுடுநீரில் தோய்த்துப் பிழிந்து கெண்டைக்காலில் ஒத்தடம் கொடுப்பேன். துணி பட்டதும் அவருடைய கால் விரல்கள் விரியும், கண்ணை மூடிக்கொள்வார். துணி ஆறியதும் விரல்கள் மறுபடி சுருளும். அந்த ஒத்தடம் செய்வது 'சூத்'. அது இதமளிக்கிறது, வருடுகிறது, நரம்பைத் தளர்த்துகிறது, காரணத்தைத் தொடுவதில்லை. எரியும் தோலில் பூசும் களிம்பு, கரகரக்கும் தொண்டைக்கு மல்லித் தண்ணீர், அழும் குழந்தைக்குத் தாலாட்டு, பதற்றத்தில் இருப்பவருக்கு மெதுவான குரல் எல்லாம் 'சூதிங்'. பசிக்கும் தாகத்துக்கும் அந்தச் சொல்லைப் போடக்கூடாது.

அதன் பிறகு போடும் மாத்திரை செய்வது 'ரிலீவ்'. தாங்க முடியாததைத் தாங்கக்கூடிய அளவுக்கு இறக்கி வைப்பது என்று அதைப் புரிந்துகொள்ளுங்கள். தலையில் சுமந்து வந்த விறகுக்கட்டில் பாதியை இன்னொருவர் வாங்கிக்கொள்வது போன்றது அது. நோ, மன அழுத்தம், நெரிசல், சலிப்பு ஆகியவற்றோடு இயல்பாகச் சேரும். நிலையான குணத்தை அது உறுதிசொல்வதில்லை. வைத்தியர் கிளினிக் கொப்பியில் மாத்திரையின் பெயருக்குப் பக்கத்தில் 'எஸ்.ஓ.எஸ்.' என்று எழுதியிருந்தால், தேவைப்படும்போது எடுக்கவும் என்று பொருள். நோ திரும்பத் திரும்ப வருகிறது என்பதற்கு அதுவே எழுத்துச் சான்று. அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்துக் கடிதத்தோடு வையுங்கள்.

'ஈஸ்' இதைவிட மென்மையானது. மெல்ல மெல்லக் குறைவதைச் சொல்வது. எதைப் போடுவது என்று தெரியாத இடத்தில் பெரும்பாலும் பிழைக்காத சொல் இதுவே. 'ஹீல்' என்பது புண்ணும் முறிந்த எலும்பும் ஆறுவதற்கு, 'கியூர்' என்பது நோயே இல்லாமற் போவதற்கு. காய்ச்சலுக்கு 'ரிலீவ்' என்பதைவிட 'ரிடியூஸ்' இயல்பாக இருக்கும்: டெங்குக் காய்ச்சலுக்குப் பனடோல் கொடுக்கும்போது அது காய்ச்சலை இறக்குகிறது, டெங்குவைக் குணப்படுத்துவதில்லை. இதை எழுதும்போது 'கியூர்' என்று போட்டால் வாசிக்கும் வைத்தியர் முழு வசனத்தையும் நம்பமாட்டார்.

இந்தக் குடும்பத்தில் 'பாலியேட்டிவ்' என்ற சொல்லில் மிகவும் கவனமாக இருங்கள். நோயை முற்றாகத் தீர்க்க முடியாத கடுமையான நிலையில் துன்பத்தைக் குறைத்துத் தரும் பராமரிப்புக்கு உரிய சொல் அது. மூட்டு வலிக்கும் முதுகு நோவுக்கும் அதை எழுதினால், பிள்ளைகள் வெளிநாட்டில் அழத் தொடங்கிவிடுவார்கள்.

'அலீவியேட்' என்பது 'ரிலீவ்' போன்றதே. ஆனால் கொஞ்சம் முறைசார்ந்த சொல், குறைவு பகுதியளவானது என்ற சாயலும் அதிகம். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களுக்குத் திட்ட முன்மொழிவு எழுதுகிறவர்கள் இதைக் கட்டாயம் அறிய வேண்டும். தமிழில் 'வறுமை ஒழிப்பு' என்று தலைப்பிடுகிறோம். ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் தொடர் 'பொவர்ட்டி அலீவியேஷன்', அதாவது வறுமைத் தணிப்பு. தமிழ்த் தலைப்பைப் பார்த்து, அடியோடு ஒழிப்பது என்று பொருள்படும் 'எராடிகேஷன்' என்ற சொல்லைப் போட்டால், பத்துக் குடும்பத்துக்குக் கோழிக்கூடு கொடுக்கும் திட்டத்தில் நிறைவேற்ற முடியாத உறுதிமொழி ஒன்றைக் கொடுத்துவிடுகிறீர்கள். திட்டம் முடிந்ததும் கணக்குக் கேட்பவர் அந்தச் சொல்லிலிருந்தே கேள்வியைத் தொடங்குவார்.

'மிற்றிகேட்' என்பது வரப்போகும் அல்லது வந்துகொண்டிருக்கும் தீங்கின் கடுமையைக் குறைப்பது. 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வெள்ளம் வந்ததை நினைத்துக்கொண்டால் வேறுபாடு விளங்கும். மழைக்கு முன் வாய்க்காலைத் துப்புரவாக்கி அணைக்கட்டைப் பலப்படுத்துவது 'மிற்றிகேஷன்'. வெள்ளம் வந்த பின் பாடசாலையில் தங்கியிருக்கும் குடும்பங்களுக்கு உலர் உணவு கொடுப்பது 'ரிலீஃப்'. இரண்டையும் ஒரே பந்தியில் மாறிப் போட்டால், எந்தப் பிரிவிடம் எந்தப் பணத்தைக் கேட்கிறீர்கள் என்பதே மாறிவிடும்.

4. 'ரிலீஃப்' என்ற சொல்லின் ஐந்து முகங்கள்

வன்னியில் இந்தச் சொல்லுக்கு என்று தனிக் கட்டம் ஒதுக்க வேண்டியிருக்கிறது. இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் 'ரிலீஃப்' என்றாலே அரிசி, மா, பருப்பு, சீனி என்றுதான் எங்கள் காதில் விழுந்தது. பாடசாலையில் வராத ஆசிரியருக்குப் பதிலாக இன்னொருவர் வந்து இருக்கும் பாடவேளையும் 'ரிலீஃப்'. வரியில் தரும் சலுகையும் 'ரிலீஃப்'. வழக்கில் நீதிமன்றத்திடம் கேட்கும் பரிகாரமும் 'ரிலீஃப்'. இவை தவிர, நெஞ்சில் ஏறியிருந்த கல் இறங்கியபோது "அப்பாடா" என்று வரும் நிம்மதியும் அதே சொல்தான். எனவே "நாங்கள் ரிலீஃப் பெற்றோம்" என்று வெறுமனே எழுதாமல், என்ன பெற்றீர்கள் என்பதை அடுத்த சொல்லிலேயே சொல்லிவிடுங்கள். வெளிநாட்டுச் சட்டத்தரணிக்குப் போகும் கடிதத்தில் உலர் உணவு கிடைத்தது என்ற பொருளில் அதை எழுதி, அவர் வழக்கில் பரிகாரம் கிடைத்துவிட்டது என்று விளங்கிக்கொண்டால், அதைத் திருத்த இன்னொரு கடிதமும் இன்னொரு மாதமும் வேண்டும்.

நிம்மதி என்ற பொருளில் இச்சொல் வரவேண்டுமானால் அதற்கு முன் ஒரு பயமோ பதற்றமோ இருந்திருக்க வேண்டும். காணாமற்போன தேசிய அடையாள அட்டை கிடைத்தால் 'ரிலீஃப்'. மாலையில் இரணைமடுக் குளக்கட்டில் காற்று வாங்குவது 'ரிலீஃப்' அன்று, அது 'ரிலாக்சிங்'.

இன்னும் இரண்டு பொறிகள் உள்ளன. 'ரிலீவ் மைசெல்ஃப்' என்று எழுதினால் சலம் கழிப்பது அல்லது மலம் கழிப்பது என்று பொருள். "என்னை ஆற்றிக்கொண்டேன்" என்பதற்கு அதை ஒருபோதும் போடாதீர்கள். 'ரிலீவ்ட் ஒஃப் ஹிஸ் போஸ்ட்' என்றால் பதவியிலிருந்து நீக்கப்பட்டார் என்று பெரும்பாலும் விளங்கிக்கொள்ளப்படும். நீங்களாக வேலையை விட்டிருந்தால் 'ரிசைன்ட்' என்று எழுதுங்கள்.

5. துயரும் பயமும்

'கம்ஃபர்ட்' அகலமான சொல். எந்த வருத்தத்துக்கும் பொருந்தும். 'கொன்சோல்' இழப்பு, தோல்வி, ஏமாற்றம் ஆகியவற்றுக்கு மட்டும். செத்தவீட்டில் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு இருப்பது 'கொன்சோல்'. இரவில் பயந்து எழுந்த பிள்ளையை அணைப்பது 'கம்ஃபர்ட்'. இரங்கற் கடிதத்தில் "நான் உங்களைக் கொன்சோல் செய்கிறேன்" என்று எழுதுவது ஆங்கிலத்தில் இல்லை. 'கொண்டோலன்ஸஸ்' என்ற பெயர்ச்சொல்லைப் பயன்படுத்தி ஒரு வசனம் எழுதினால் போதும். இறந்தவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த ஒரு நல்ல விடயத்தை அடுத்த வசனமாக எழுதுங்கள். ஆங்கிலத்திலும் அதுதான் ஆறுதல் தரும்.

'அலே' என்பது பயம், சந்தேகம், கவலை ஆகியவற்றைப் போக்குவதற்கு உரியது. உடல் நோவுக்கும் அது பழைய வழக்கில் வரும், ஆனால் நீங்கள் பயத்தோடு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணிவெடி அகற்றும் நிறுவனத்தினர் ஊர் மக்களைக் கூட்டி எந்தக் காணி துப்புரவாக்கப்பட்டது என்று வரைபடம் காட்டி விளக்கினால், அவர்கள் மக்களின் பயத்தை 'அலே' செய்கிறார்கள். 'அஸ்வேஜ்' குற்ற உணர்வு, துயர் போன்ற கடுமையானவற்றை மென்மையாக்குவது. வாசிக்கும்போது அறிந்துகொண்டால் போதும், உங்கள் கடிதத்துக்குத் தேவைப்படாது.

6. கோபம்

இங்கே நான் சொல்வது சுருக்கமானது: அலுவலகக் கடிதத்தில் இந்தக் குழுவிலிருந்து எதையும் எடுக்காதீர்கள். 'அப்பீஸ்' என்றால் எதிராளி கேட்டதை விட்டுக்கொடுத்துச் சமாளிப்பது. அதில் பலவீனம் என்ற குற்றச்சாட்டு ஒட்டியிருக்கும். 'பிளகேட்' கோபமாயிருப்பவரை ஏதாவது கொடுத்தோ சொல்லியோ அடக்குவது. 'பசிஃபை' ஒலியில் பசியை நினைவூட்டினாலும் பசிக்கும் அதற்கும் தொடர்பில்லை. அழும் குழந்தையையும் கலகக் கூட்டத்தையும் அடக்குவது அது. படைபலத்தால் ஓரிடத்தை அடக்கி அமைதியாக்குவதற்கும் அச்சொல்லே வரும். எங்கள் ஊரைப் பற்றி எழுதும்போது அதைத் தவிர்ப்பதே நல்லது. இரண்டு குடும்பங்களைச் சமாதானப்படுத்தியதைச் சொல்ல 'ரெக்கன்சைல்' இருக்கிறது. ஒருவரை அமைதிப்படுத்தியதைச் சொல்லக் 'காம்' போதும்.

7. பசி, தாகம், நிபந்தனை, மனநிறைவு

சித்திரை வெயிலில் பரந்தன் சந்தியில் பஸ்ஸால் இறங்கி ஒரு செம்பு மோர் குடித்தால் அது 'குவென்ச்'. 'ஸ்லேக்' அதே பொருளில் இலக்கியச் சாயலோடு வரும். இரண்டும் தாகத்துக்கு உரியவை; நெருப்பை அணைப்பதற்குக் 'குவென்ச்' மட்டும். பசிக்குச் 'சற்றிஸ்ஃபை'. 'சேஷியேட்' என்றால் போதும் போதும் என்று தெவிட்டும் அளவுக்கு நிறைந்துவிட்டது. விருந்துக்கு அழைத்தவருக்கு நன்றி எழுதும்போது அதைப் போட வேண்டாம்.

'சற்றிஸ்ஃபை' பசியோடு நின்றுவிடுவதில்லை. ஒரு நிபந்தனையைப் பூர்த்தி செய்வதற்கும் அதுவே சொல். வேலை விளம்பரத்தில் கேட்ட தகைமைகள் உங்களிடம் இருந்தால் அவற்றை நீங்கள் 'சற்றிஸ்ஃபை' செய்கிறீர்கள். உறுதிப்படுத்தல் கடிதங்களில் "ஐ ஆம் சற்றிஸ்ஃபைட் தற்" என்று ஓர் அதிகாரி எழுதினால், அவருக்கு மகிழ்ச்சி என்று பொருளல்ல; விசாரித்து உண்மை என்று நம்பிக்கை கொண்டேன் என்று பொருள். இதைத் தமிழாக்கும்போது 'திருப்தியடைகிறேன்' என்று போடுகிறவர்கள் பலர். அதனால் சான்றிதழின் பலமே போய்விடுகிறது.

அறிக்கைகளில் வரும் 'சற்றிஸ்ஃபக்டரி' என்பதைக் கண்டு பிள்ளையைத் தட்டிக்கொடுக்கும் பெற்றோர் இருக்கிறார்கள். அதன் பொருள் போதுமானது, குறை சொல்ல முடியாதது என்ற அளவுதான். சிறப்பு என்பதற்கு மிகவும் கீழே. மனத்தை நிறைக்கும் வேலைக்கு உரிய சொல் 'சற்றிஸ்ஃபையிங்'. உங்களுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதும் ஒருவர் எந்தச் சொல்லைப் போடுவது என்று கேட்டால், அவர் உங்களைப் பாராட்ட நினைத்தால், 'சற்றிஸ்ஃபக்டரி' வேண்டாம் என்று தயங்காமல் சொல்லுங்கள். இதோடு இன்னொன்று: க.பொ.த. சாதாரண தரப் பெறுபேற்றில் வரும் 'எஸ்' என்ற எழுத்து சாதாரண சித்தியைக் குறிப்பது. அதை விரித்து 'சற்றிஸ்ஃபக்டரி' என்று விண்ணப்பத்தில் எழுதாதீர்கள்.

வற்றாப்பளைக் கண்ணகி அம்மனுக்கு வைத்த நேர்த்தியைப் பொங்கலன்று முடித்தால் அது 'ஃபுல்ஃபில்'. வாக்குறுதிக்கும் கடமைக்கும் அதுவே. 'கன்டென்ட்' என்பது உள்ளதே போதும் என்ற மனநிறைவு, உயர்ந்த சொல். ஆனால் வேலை விண்ணப்பத்தில் "இப்போதுள்ள நிலையில் கன்டென்ட்" என்று எழுதினால், பிறகு ஏன் விண்ணப்பிக்கிறீர்கள் என்ற கேள்வி எழும்.

எச்சரிக்கைகளில் மிகக் கடுமையானதை இங்கே வைக்கிறேன். 'கிரற்றிஃபை' என்றால் மகிழ்விப்பது, ஆசையை நிறைவேற்றுவது. அதன் பெயர்ச்சொல்லான 'கிரற்றிஃபிகேஷன்' இலங்கையின் இலஞ்ச ஊழல் சட்டங்களில், இலஞ்சமாகக் கொடுக்கும் நன்மையைக் குறிக்கும் சொல்லாக நிற்கிறது. அலுவலர் ஒருவர் செய்த உதவிக்கு நன்றி சொல்ல நினைத்து "உங்களைக் கிரற்றிஃபை செய்வேன்" என்று எழுதுவது எவ்வளவு ஆபத்தானது என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். நன்றி என்றால் 'கிராட்டிட்யூட்'. எழுத்தும் ஒலியும் நெருக்கமாக இருப்பதால், எழுதிய பின் ஒவ்வோர் எழுத்தாகச் சரிபாருங்கள்.

8. விகுதி, ஒட்டுச்சொல், ஒலி

உணர்கிறவருக்கு 'ட்' விகுதி, உணர்த்தும் பொருளுக்கு 'இங்' விகுதி. வேலை 'சற்றிஸ்ஃபையிங்', நான் 'சற்றிஸ்ஃபைட்'. 'சூதிங்', 'சற்றிஸ்ஃபையிங்' ஆகிய இரண்டும் பெயரடையாகத் தாராளமாக நிற்கும். 'ரிலீவிங்' மட்டும் அப்படித் தனித்து நிற்பது அரிது. "செய்தி நிம்மதி தந்தது" என்பதற்குச் செய்தி 'ரிலீவிங்' என்று எழுதாமல், அது 'எ ரிலீஃப்' என்று எழுதுங்கள். வலி நிவாரணி என்ற பொருளில் 'பெய்ன் ரிலீவிங்' என்று கூட்டாக வரலாம்.

'சற்றிஸ்ஃபைட்', 'கன்டென்ட்' இரண்டுக்கும் பின் 'வித்' வரும். 'ரிலீஃப்' என்பதற்குப் பின் 'ஃப்ரம்'. ஒருவருடைய சுமையை இறக்கினால் 'ரிலீவ்' என்பதோடு 'ஒஃப்'. 'மிற்றிகேட்' என்பதற்குப் பின் எந்த ஒட்டுச்சொல்லும் வேண்டாம்; 'அகெய்ன்ஸ்ட்' போடுவது பிழை.

நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்கள் ஒலியையும் பார்த்துக்கொள்ளுங்கள். 'சூத்' என்பதன் இறுதி ஒலி, நாங்கள் 'அது', 'இது' என்று சொல்லும்போது நடுவில் வரும் மெல்லிய தகரந்தான். பல் என்று பொருள்படும் 'டூத்' என்பதன் இறுதியில் வருவது காற்று மட்டும் வெளியேறும் வன்மையான ஒலி. எழுதும்போது 'சூத்' என்பதன் கடைசியில் 'ஈ' (e) என்ற ஆங்கில எழுத்து இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேறு பழஞ்சொல் ஆகிவிடும். 'காம்', களிம்பைக் குறிக்கும் 'பாம்' இரண்டிலும் எழுத்தில் எல் உண்டு, உச்சரிப்பில் இல்லை. 'ரிலீஃப்' பெயர், 'ரிலீவ்' வினை. நம்பிக்கையைக் குறிக்கும் 'பிலீஃப்', 'பிலீவ்' என்ற சோடியும் அதே ஒழுங்கில் வருவதால் இரண்டையும் சேர்த்தே மனத்தில் வையுங்கள்.

9. அனுப்பும் முன்

கடிதத்தை எழுதி ஓர் இரவு விட்டுவிடுங்கள். மறுநாள் காலையில் ஆங்கிலத்தைப் பார்த்து அதையே தமிழில், வீட்டிலுள்ள ஒருவருக்குச் சொல்வது போல், வாயால் சொல்லுங்கள். நான் அம்மாவுக்கு என் பழைய கடிதத்தை அப்படிச் சொன்னபோது, "நோ எங்கே போனது, இந்தா இருக்கிறதே" என்று காலைத் தொட்டுக் காட்டினார். அனுப்பும் முன் அதைச் செய்திருந்தால் 11 வாரம் மிஞ்சியிருக்கும்.

பிறகு உங்கள் வசனத்தில் உள்ள வினையோடு அதன் செயப்படுபொருளையும் சேர்த்துக் கற்போர் அகராதியில் பாருங்கள். இரண்டும் சேர்ந்து வரும் எடுத்துக்காட்டு ஒன்றாவது இல்லாவிட்டால் சொல்லை மாற்றுங்கள். மருத்துவச் சொற்களை வைத்தியரிடம் காட்டுவதானால், கிளினிக் நாளில் உங்கள் முறை வரும்போது ஒரே ஒரு கேள்வியாகக் கேளுங்கள்: "இதை நான் ரிலீவ் என்று எழுதவா, கியூர் என்று எழுதவா?" அவருக்கு அரை நிமிடம் போதும். முழுக் கடிதத்தையும் நீட்டினால் வாசிக்க நேரம் இருக்காது.

பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ் போன்றவற்றை நீங்களே மொழிபெயர்த்து அனுப்ப வேண்டாம். அவற்றுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் கையொப்பமும் முத்திரையும் கேட்பார்கள். எத்தனை பக்கம், எத்தனை பிரதி, எத்தனை நாள் என்று கேட்டு, தொகையைப் பேசி முடித்த பின்னரே மூலத்தைக் கையில் கொடுங்கள். மொழிபெயர்ப்பைப் பெற்றதும் பெயர்களின் எழுத்துக்கூட்டல் தேசிய அடையாள அட்டையிலோ கடவுச்சீட்டிலோ உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று அங்கேயே நின்று பார்த்துவிடுங்கள். வேண்டுகோள் கடிதம், விளக்கக் கடிதம், விண்ணப்பக் கடிதம் ஆகியவற்றை நீங்களே எழுதலாம்.

இணைப்புகளாக நோய் நிர்ணய அட்டையின் பிரதி, கிளினிக் கொப்பியில் கடைசி மூன்று வருகைகளின் பக்கங்கள், வைத்தியரின் கடிதம் ஆகியவற்றை வையுங்கள். கிளினிக் கொப்பியின் மூலத்தை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். மின்னஞ்சலில் அனுப்புவதானால் பக்கங்களைப் பகல் வெளிச்சத்தில், நிழல் விழாமல் படமெடுங்கள். வைத்தியரின் கையெழுத்து மங்கலாக இருந்தால் அதன் கீழே அதே வரியைத் தட்டச்சில் எழுதி இணையுங்கள்.

இரண்டாவது கடிதத்தில் நான் எழுதிய வசனத்தை ஒலிப்படி தருகிறேன்; உங்கள் வீட்டு நிலைக்கு ஏற்ப நேரத்தையும் மருந்தையும் மாற்றி எடுத்துக்கொள்ளலாம்: "த டப்லெட்ஸ் ரிலீவ் ஹெர் பெய்ன் ஃபோ த்ரீ ஓ ஃபோர் அவர்ஸ், பட் த பெய்ன் ரிட்டேர்ன்ஸ் எவ்ரி ஈவினிங்." இரண்டாம் பாதியைத்தான் முதற் கடிதத்தில் நான் எழுதாமல் விட்டிருந்தேன்.